கம்பத்துக்கு மேலேயா, கீழேயா: ஜயன்ட் ஸ்லாலம் பயிற்சியில் பூட் சென்சார்

ஸ்கீ பூட்டில் மாட்டும் சென்சாரை வாங்கியவர்கள் முதல் சில வாரம் ஒரே எண்ணைத்தான் துரத்துவார்கள்: அதிகபட்ச எட்ஜ் கோணம், அதாவது ஸ்கீ பனியின் மேல் தன் விளிம்பில் எவ்வளவு சாய்கிறது என்பது. திங்கள் 48 டிகிரி, புதன் 52, சனி 55. எண் ஏறிக்கொண்டே போகும். போட்டோசெல் (ஒளிக்கதிரில் இயங்கும் கடிகாரம்) காட்டும் ஓட்ட நேரமோ இருந்த இடத்திலேயே நிற்கும். சில நாள் இன்னும் மோசமாகும். ஜயன்ட் ஸ்லாலத்தில் (சரிவில் நட்ட கம்பங்களைச் சுற்றி வளைந்து இறங்கும் பனிச்சறுக்குப் பந்தயம், இனி ஜி.எஸ்.) கோணம் எவ்வளவு என்பது இரண்டாவது கேள்வி. திருப்பத்தின் எந்த இடத்தில் அது வந்தது என்பதுதான் முதல் கேள்வி. கேட் கம்பத்துக்கு மேலேயே பெரும்பகுதி வந்துவிட்டதா, கம்பத்தைத் தாண்டியபின் அவசர அவசரமாக வந்ததா? கண்ணால் பார்த்து இதைச் சொல்லப் பழுத்த பயிற்சியாளர் வேண்டும். சென்சாரும் சொல்லும், சரியாக மாட்டிச் சரியாகப் படித்தால்.

கணக்கு எளிது. ஸ்கீயின் பக்கவாட்டு வளைவுக்கு ஓர் ஆரம் உண்டு. உலகக் கோப்பை ஜி.எஸ்.ஸில் அது 30 மீட்டருக்குக் குறையக் கூடாது. நீளம் ஆண்களுக்கு 193 செ.மீ., பெண்களுக்கு 188 செ.மீ. கெட்டிப் பனியில் நழுவாமல் வெட்டிப் போகும்போது, ஸ்கீயின் ஆரத்தை எட்ஜ் கோணத்தின் கோசைனால் பெருக்கினால் திருப்பத்தின் ஆரம் ஏறக்குறையக் கிடைத்துவிடும். 45 டிகிரியில் 21 மீட்டர், 60 டிகிரியில் 15 மீட்டர். மணிக்கு 65 கி.மீ. என்பது நொடிக்கு 18 மீட்டர். அந்த வேகத்தில் 20 மீட்டர் ஆரத்தில் திரும்பும் 75 கிலோ ஆளின் கால்கள் தாங்குவது சுமார் 145 கிலோ. ஆரம் 15 மீட்டராகச் சுருங்கினால் 180 கிலோ. மேலே சும்மா வந்துவிட்டுக் கீழே 60 டிகிரி போடுகிறவர், முன்னால் போனவர்கள் பனியைப் பள்ளமாக்கிவிட்ட இடத்தில் இந்த 35 கிலோவைக் கூடுதலாகச் சுமக்கிறார். போதாததற்குத் திருப்பத்தின் கீழ்ப்பாதியில் புவியீர்ப்பும் அதே பக்கம் இழுக்கிறது. ஸ்கீ தடதடத்து நழுவுகிறது. நேரம் அங்கேதான் கரைகிறது. ஆகவே கோணத்தின் உச்சம் கூடியதே நேரம் கெட்டதற்குக் காரணமாக இருக்கக்கூடும்.

2012-13 பருவத்தில் ஆண்களின் ஜி.எஸ். ஸ்கீ ஆரத்தை 35 மீட்டராக்கினார்கள். அதைப் பகிரங்கமாக எதிர்த்தவர் அமெரிக்காவின் டெட் லிகெட்டி. அதே பருவத்தில், 2013 ஷ்லாட்மிங் உலக சாம்பியன்ஷிப்பில், ஜி.எஸ். உட்பட மூன்று தங்கம் வென்றதும் அவரேதான். கம்பத்துக்கு வெகு மேலேயே ஸ்கீயைச் சாய்த்துவிடுவது அவர் பாணி. 35 மீட்டர் ஸ்கீயைக் கடைசி நேரத்தில் வளைக்க முடியாது என்பதால் அந்த விதி அவருக்கே சாதகமாகப் போனது. (2017-18 முதல் மறுபடியும் 30 மீட்டர்.)

இனி மாட்டுவது. பூட்டில் இரண்டு பாகம் உண்டு: பைண்டிங்கில் (பூட்டை ஸ்கீயோடு பிணைக்கும் பிடி) பொருந்தும் கீழ் ஓடு, காலைச் சுற்றி மேலே வரும் கஃப். ஸ்கீயோடு சேர்ந்தே அசைவது கீழ் ஓடுதான். கஃப், கணுக்கால் மடங்கும்போதெல்லாம் முன்னும் பின்னும் போய்வரும். எட்ஜ் கோணம் வேண்டுமானால் கீழ் ஓட்டில் மாட்டுங்கள். கஃப்பில்தான் மாட்ட முடிகிறது என்றால், ரேஸ் பூட் பக்கவாட்டில் விறைப்பானது என்பதால் சில டிகிரி பிழையோடு ஒப்பேற்றலாம். ஆனால் ஒரு நாள் கஃப், மறுநாள் ஓடு என்று மாற்றினால் இரண்டு நாள் எண்களையும் ஒப்பிடவே முடியாது. கீழ் ஓட்டில் ஒன்று, கஃப்பில் ஒன்று என இரண்டு மாட்டினால் கணுக்கால் எவ்வளவு மடங்குகிறது என்பதும் சேர்ந்து கிடைக்கும். குதிகால் மேல் உட்கார்ந்துகொண்டு ஓட்டுகிறவரை அதில் உடனே பிடித்துவிடலாம்.

பூட்டின் முன்நுனியிலும் குதிகாலிலும் பைண்டிங் கவ்வும் இடத்துக்குப் பக்கத்தில் எதையும் ஒட்டாதீர்கள். விழும்போது பைண்டிங் விடுபட வேண்டும். 20 கிராம் பெட்டி ஒன்று குறுக்கே நின்றால் முழங்கால் போய்விடும். கம்பங்கள் இன்னும் நெருக்கமாக நிற்கும் ஸ்லாலம் பயிற்சி என்றால் வெளிப்பக்கமும் முன்பக்கமும் ஆகாது, உள்கால் கம்பத்தை அடிப்பது அங்கேதான். பின்பக்கம், பைண்டிங் நெம்புகோலுக்கு மேலே, இரட்டைப் பக்க டேப்பும் அதன்மேல் ஒரு சுற்றுத் துணி டேப்பும் போதும். விரலால் தட்டினால் சென்சார் ஆடக் கூடாது. ஆடினால், வரைபடத்தில் தெரிவது ஸ்கீயின் அதிர்வா டேப்பின் அதிர்வா என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

கைபேசியில் இருக்கும் மட்டம் பார்க்கும் ஆப்பைக் காலில் கட்டிக்கொண்டு போனால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. தூக்குவாளியில் தண்ணீர் வைத்துத் தலைக்கு மேலே சுழற்றினால் சிந்தாது, அல்லவா? வாளிக்குள் இருக்கும் தண்ணீருக்கு ‘கீழே’ என்பது எப்போதும் வாளியின் அடிப்பக்கம்தான். அந்த ஆப் நம்பியிருக்கும் ஆக்சிலரோமீட்டரின் (விசையை உணரும் சில்லு) கதையும் அதுவே. சமநிலையோடு திரும்பும் ஸ்கீயரின் மொத்த விசையும் காலடியை நோக்கியே இறங்குவதால், கொத்தனாரின் ரசமட்டத்தை பூட்டில் கட்டினால் 55 டிகிரி சாய்விலும் குமிழி கிட்டத்தட்ட நடுவிலேயே நிற்கும். சாய்வை அறிய ஜைரோ வேண்டும். அது சுழலும் வேகத்தை அளக்கும், அதைக் கூட்டிக்கொண்டே போனால் கோணம் வரும்.

கூட்டினால் பிழையும் சேர்ந்து கூடும். நொடிக்கு 0.1 டிகிரி பிழை 60 நொடி ஓட்டத்தில் 6 டிகிரி ஆகிவிடும். இந்தப் பிழை வெப்பநிலையோடு மாறுவதுதான் தொல்லை. 20 டிகிரி சூடான அறையிலிருந்து எடுத்து, மைனஸ் 10-ல் உடனே கலிபரேஷன் (பூஜ்யத்தைச் சரிசெய்வது) செய்தால், சென்சார் குளிரக் குளிர அந்தக் கலிபரேஷன் பொய்யாகிக்கொண்டே போகும். பூட்டோடு 15-20 நிமிடம் வெளியே வைத்துவிட்டு, ஓரிரு வார்ம்-அப் ஓட்டத்துக்குப் பிறகு செய்யுங்கள். சமதரையில் ஸ்கீ மாட்டி, இரண்டு காலிலும் எடையைப் போட்டு 10 நொடி அசையாமல் நில்லுங்கள். பிறகு மெதுவான சரிவில் 5 நொடி நேராகச் சறுக்குங்கள். சென்சார் கொஞ்சம் கோணலாக ஒட்டியிருந்தால் அதன் முன்திசை எது என்பது இதில் தெரிந்துவிடும். ஒவ்வொரு ஓட்டத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் 10 நொடி அசையாத நிற்பு இருந்தால், இடையில் எவ்வளவு விலகியது என்று கணக்கிட்டுக் கழிக்கலாம். திசைகாட்டிபோல் வேலை செய்யும் மேக்னெட்டோமீட்டரை நம்பாதீர்கள், ஸ்கீயின் எஃகு விளிம்பு, பூட் பக்கிள், லிஃப்ட் கோபுரம் எல்லாம் அதைக் குழப்பும்.

இன்னொரு பொறி. சென்சார் சொல்வது தொடுவானத்தோடு ஒப்பிட்ட சாய்வு. நமக்கு வேண்டியது பனிப்பரப்போடு ஒப்பிட்ட சாய்வு. 20 டிகிரி சரிவில் குறுக்காக நிற்கும் ஸ்கீ, பனியில் தட்டையாகப் படிந்திருந்தாலும் சென்சாரில் 20 டிகிரி காட்டும். இரண்டும் ஒன்றாகும் இடம் ஃபால் லைன், அதாவது அந்தச் சரிவில் ஒரு செம்பு தண்ணீரைக் கவிழ்த்தால் ஓடும் திசை. ஸ்கீ அந்தத் திசையைப் பார்க்கும் நொடியில் காட்டும் கோணத்தை மட்டும் ஓட்டத்துக்கு ஓட்டம் ஒப்பிடுங்கள்.

வரைபடத்தைப் படிக்கும்போது ஒவ்வொரு திருப்பத்துக்கும் மூன்று நேரங்களைக் குறித்தால் போதும்: எட்ஜ் மாறும் நொடி, ஸ்கீ ஃபால் லைனைப் பார்க்கும் நொடி, அடுத்த எட்ஜ் மாறும் நொடி. நடு நொடியைக் கண்டுபிடிக்க, இரண்டு எட்ஜ் மாற்றங்களுக்கு இடையே ஸ்கீ மொத்தம் எத்தனை டிகிரி திசை திரும்பியது என்று ஜைரோவில் கூட்டி, அதில் பாதி வரும் இடத்தை எடுங்கள். கம்பங்கள் ஒரே சீராக நடப்பட்ட தடத்தில் இது நன்றாகவே பொருந்தும். ஜி.எஸ். திருப்பம் ஒன்றரை நொடிக்குக் கொஞ்சம் முன்பின் ஓடும். கோணத்தின் உச்சம் இந்த நடு நொடிக்கு அருகே வந்தால் நல்லது. திருப்ப நேரத்தில் 70 சதவீதம் கழிந்தபின் உச்சம் வந்தால், மேலே சொன்ன 35 கிலோ கதைதான். ஃபால் லைனில் 50, உச்சம் 53 என்று ஓட்டுகிறவர், ஃபால் லைனில் 38, உச்சம் 60 என்று ஓட்டுகிறவரைப் பெரும்பாலும் வென்றுவிடுவார்.

உச்சம் தாமதமாக வருவதற்குக் காரணங்கள் இரண்டு. வரைபடம் அவற்றைப் பிரித்துக் காட்டுவதுதான் இந்தக் கருவியின் பெரிய உபயோகம். ஜைரோவில் ஸ்கீ பக்கவாட்டில் உருளும் வேகம் ஒரு கோடு, திசை மாறும் வேகம் இன்னொரு கோடு. ஒழுங்கான கார்விங் (நழுவாமல் விளிம்பால் வெட்டிப் போகும்) திருப்பத்தில் உருளல் முதலில் எழும். திசைமாற்றம் அதன் பின்னாலேயே மெதுவாக ஏறும். திசைக் கோடு முதலில் ஈட்டிபோல் எழுந்து, உருளல் பின்னால் வந்தால், ஓட்டுகிறவர் பாதத்தைத் திருகி ஸ்கீயைத் திருப்புகிறார். இது பழக்கக் கோளாறு. 10-12 டிகிரிக்கு மேல் போகாத சரிவில், கம்பமே இல்லாமல், கணுக்காலையும் முழங்காலையும் மட்டும் சாய்த்துத் தண்டவாளம்போல் இரண்டு கோடு விழ ஓட்டும் பயிற்சிதான் மருந்து. ஒரு ஓட்டத்துக்கு பக்கத்துக்கு 10 திருப்பம். பனியில் விழுந்த தடத்தையும் திரும்பிப் பார்க்கலாம். அகலமாகத் தேய்த்த தடம் இருந்தால் சென்சாரே தேவையில்லை.

உருளல் முதலில் வந்தும் உச்சம் தாமதமென்றால், காலில் குற்றமில்லை, பாதையில்தான். கம்பத்தையே குறிவைத்து நேராக வருகிறவருக்குச் சாய்க்க இடமே கிடைக்காது. கம்பத்துக்கு 3-4 மீட்டர் மேலே, வெளிப்பக்கமாக, குட்டைக் கம்பம் ஒன்றை நட்டு அதைச் சுற்றிக்கொண்டு வரச் சொல்லுங்கள். முதல் இரண்டு ஓட்டம் நேரம் கூடும், பதற வேண்டாம்.

ஜி.பி.எஸ். கடிகாரத்தை வைத்துப் பாதையை ஒப்பிடலாம் என்ற எண்ணமிருந்தால் விட்டுவிடுங்கள். நொடிக்கு ஒரு புள்ளி என்றால் இரண்டு புள்ளிக்கு இடையே 18 மீட்டர் போய்விடுகிறது. புள்ளியின் பிழையே சில மீட்டர். ஒரு நல்ல ஓட்டத்துக்கும் சுமாரான ஓட்டத்துக்கும் பாதையில் வித்தியாசம் அரை மீட்டர்தான். சென்டிமீட்டர் துல்லியத்தில் பாதையை அளக்கும் ஆய்வுக் குழுக்கள் தரையில் தனி நிலையம் வைத்து டிஃபரன்ஷியல் முறையில் அளக்கின்றன. கிளப் பட்ஜெட்டில் அந்த வேலையை ஒரு வீடியோ கேமரா செய்துவிடும்.

வீடியோவையும் சென்சாரையும் நேரத்தில் பொருத்த, ஓட்டம் தொடங்கும் இடத்தில் கேமராவின் கண்ணில் படும்படி ஸ்கீயின் வாலை மூன்று முறை பனியில் ஓங்கி அடியுங்கள். வரைபடத்தில் மூன்று கூர்முனை தெரியும். அதையும் அடி விழும் பிரேமையும் ஒன்று சேர்த்துவிடலாம். நொடிக்கு 60 பிரேம் என்றால் ஒரு பிரேமுக்கு 30 செ.மீ. நகர்கிறீர்கள்; முடிந்தால் 120 வையுங்கள்.

ஒப்பிடும் ஓட்டங்களின் வரிசையிலும் ஏமாற வழியுண்டு. பழைய முறையில் மூன்று, புதிய முறையில் மூன்று என்று ஓட்டினால், பின்னால் வந்த மூன்றும் கிழிந்த பனியில் வரும். நேரம் கெட்டதற்குப் புதிய முறையின் மேல் பழி விழும். பழையது, புதியது, புதியது, பழையது என்று ஓட்டுங்கள். அதே ஸ்கீ, அதே விளிம்புத் தீட்டல். மழுங்கிய விளிம்போடு 55 டிகிரி சாய்த்தாலும் சென்சார் 55 என்றுதான் எழுதும். ஸ்கீ பனியைக் கவ்வியதா என்பது அதற்குத் தெரியாது.

இடது வலது வித்தியாசம் வேறு வகைத் தலைவலி. வலப்பக்கம் 52, இடப்பக்கம் 44 என்று வந்தால் உடனே இடுப்பைக் குறை சொல்லாதீர்கள். முதலில் இரண்டு சென்சாரையும் கால் மாற்றி மாட்டுங்கள்; குறை சென்சாரோடு சேர்ந்து இடம் மாறினால் விஷயம் முடிந்தது. பிறகு வேறு சரிவில் ஓட்டுங்கள். பக்கவாட்டில் சாய்ந்த சரிவு ஒரு பக்கத்தை எப்போதும் குறைத்தே காட்டும். அதற்கும் அசையாவிட்டால் பூட் கடைக்குப் போய் கஃப்பின் பக்கவாட்டு அமைப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். இத்தனைக்கும் பிறகு மிச்சமிருந்தால் உடம்பு. கணுக்கால் எந்தப் பக்கம் குறைவாக மடங்குகிறது என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். ஒரே திருப்பத்தில் உள் ஸ்கீக்கும் வெளி ஸ்கீக்கும் 10 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால், வெளி முழங்கால் உள்ளே மடிந்து உள் கால் வழிவிடாமல் நிற்கிறது என்று பொருள். அந்த வேலையை உள் முழங்காலிலிருந்து தொடங்க வேண்டும்.

பூட்டுக்குள் பாதத்தடியில் போட்டு அழுத்தம் அளக்கும் இன்சோல் பற்றி இரண்டு வார்த்தை. மொத்த விசையை அதில் படிக்க முடியாது. முழங்காலுக்குக் கீழே கணைக்கால் எலும்பு கஃப்பின் நாக்கில் சாய்வதால் விசையின் ஒரு பகுதி பாதத்தைத் தொடாமல் பூட் வழியாகவே ஸ்கீக்குப் போய்விடுகிறது. எடை வெளிக்காலுக்கு எப்போது மாறியது, முன்பாதத்திலா குதிகாலிலா என்ற ஒப்பீட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை பக்கிளை இறுக்கிய பின்னும் ஒரு காலைத் தூக்கி ஐந்து நொடி, மறு காலைத் தூக்கி ஐந்து நொடி என்று பூஜ்யம் வையுங்கள். ரேஸ் பூட்டில் ஒரு மில்லிமீட்டர்கூட உபரி இடம் கிடையாது. பழைய பூட் ஒன்று இருந்தால் அதில் போடலாம். லண்டனிலிருந்து வரும் கார்வ் என்ற ஸ்கீ சென்சார், 2016-ல் கிக்ஸ்டார்ட்டரில் (கூட்டு நிதி திரட்டும் தளம்) தொடங்கியபோது இன்சோலோடுதான் வந்தது. 2024-ல் வந்த இரண்டாம் வடிவம் இன்சோலை விட்டுவிட்டு பூட்டில் மாட்டும் கிளிப்பாக மட்டும் வந்தது. அது தரும் ஒட்டுமொத்த மதிப்பெண் விடுமுறை ஸ்கீயருக்கு நல்ல ஊக்கம். கம்பங்களுக்கிடையே ஓடுகிறவர் மதிப்பெண்ணை விட்டுவிட்டு, திருப்பம் திருப்பமாக இருக்கும் எண்களைப் பார்ப்பது மேல்.

ஆப்பே பயிற்சியாளராகக் காதில் பேசுவதைப் பற்றியும் கேட்கிறார்கள். புளூடூத் இயர்போனில் ஒலி வந்து சேரச் சுமார் 0.2 நொடி ஆகும். ஒரு நொடிகூட ஓடாத ஸ்லாலம் திருப்பத்தில் இது கால் பங்கு. ‘இப்போது சாய்’ என்ற பீப் கேட்கும்போது சாய்க்க வேண்டிய இடம் போயிருக்கும். மெதுவான தண்டவாளப் பயிற்சிக்கு ஒலி நன்றாக உதவும். கம்பங்களில் வேண்டாம், லிஃப்டில் உட்கார்ந்து கேட்டுக்கொள்ளலாம். அதையும் மூன்று ஓட்டத்துக்கு ஒரு முறை. ஒவ்வொரு திருப்பத்துக்கும் பதில் கிடைத்துப் பழகியவர், அது இல்லாத நாளில் கால் சொல்வதைக் கேட்க மறந்துவிடுவார். பொதுச் சரிவில் ஒரு காதாவது திறந்திருக்கட்டும்.

சொந்தமாகச் செய்துபார்க்க விரும்புகிறவர்களுக்கு எம்.பி.யு.-6050 என்ற சென்சார் சில்லும் ஈ.எஸ்.பி.32 என்ற சிறு கணினிப் பலகையும் மைக்ரோ எஸ்டி அட்டையும் போதும். அந்தச் சில்லு மின்சாரம் வந்ததும் ±2 ஜி (ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கம்), நொடிக்கு ±250 டிகிரி என்ற மிகக் குறைந்த வரம்பில் விழிக்கும். ±16 ஜி, ±2000 டிகிரி என்று மாற்றாவிட்டால் வரைபடத்தின் உச்சிகள் கத்தியால் சீவியதுபோல் தட்டையாக வரும். நொடிக்கு 200 முறை, ஆறு அச்சு, அச்சுக்கு 2 பைட் என்றால் ஒரு நிமிட ஓட்டம் 144 கிலோபைட். அட்டையிலேயே பதியுங்கள், கைபேசிக்கு அனுப்பிப் பதிய வேண்டாம், இடையில் உடம்பு வந்தால் 2.4 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் அறுபடும். தடதடப்பை நீக்க 10 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ளதை வடிகட்டலாம். வடிகட்டியை முன்னோக்கி ஒரு முறை, பின்னோக்கி ஒரு முறை ஓட்டுங்கள். ஒரு திசையில் மட்டும் ஓட்டினால் அது எல்லா உச்சத்தையும் சற்றுத் தள்ளிப்போடும். சரியான நேரத்தில் வந்த கோணமும் தாமதமானதுபோல் தெரியும்.

முதுகுத்தண்டின் மேல் சென்சார் பெட்டி வைப்பதைத் தவிர்த்துவிடுங்கள். விழுந்தால் முதுகுக்கும் பாதுகாப்புக் கவசத்துக்கும் நடுவே ஒரு கல் இருப்பதற்குச் சமம். 2024-25 பருவம் முதல் எஃப்.ஐ.எஸ். (சர்வதேச ஸ்கீ கூட்டமைப்பு), உலகக் கோப்பையின் அதிவேகப் பந்தயங்களான டவுன்ஹில்லுக்கும் சூப்பர்-ஜிக்கும் உடலில் அணியும் ஏர்பேக்கைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அதற்குள்ளேயே விழுவதைக் கண்டறியும் சென்சார்கள் இருக்கின்றன, அதன் அடியில் வேறு எதையும் செருகக் கூடாது. மேலுடம்புக்கு வீடியோ போதும்.

சுவிஸ், நோர்வே, கனடா என்று கிளப் ரேஸ் குழுவில் பிள்ளைகளை விட்டிருக்கும் நம்மவர்களுக்கு ஒன்று: வளரும் பிள்ளைக்கு பூட் மாறும்போதெல்லாம் பழைய எண்களை மூடி வைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். போன வருடம் 47, இந்த வருடம் 43 என்று மகளைக் கேட்டுப் பயனில்லை. பூட்டின் முன்சாய்வு மாறியிருக்கும், சென்சார் ஒட்டிய இடமும் மாறியிருக்கும்.

சாயங்காலம் வந்ததும் இன்சோலை வெளியே எடுத்து அறை வெப்பத்திலேயே உலர விடுங்கள், ஹீட்டர் மேல் வைத்தால் பசை விட்டுப்போகும். சென்சாரைக் காரிலேயே சார்ஜில் போடாதீர்கள். பூஜ்யத்துக்குக் கீழே லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து, பேட்டரி நிரந்தரமாகக் கெட்டுப்போகும். வீட்டுக்குள் கொண்டுவந்து, ஈரத்தைத் துடைத்து, ஒரு மணி நேரம் கழித்துச் சொருகுங்கள்.